மெழுகுவத்தியா, கற்பூரமா: கூரையைக் கறுக்க வைத்தது எது?

எந்த மெழுகுவத்தி வாங்கினால் புகைக்கரி வராது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியோடு எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், கேட்க வந்தது இன்னும் கொஞ்சம் அதிகம் என்று தெரிகிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. கூடத்து மூலையில் ஒரே மரப்பலகையில் உங்கள் மாதா சொரூபமும் மாமியாரின் காமாட்சி விளக்கும். மாலையில் செபமாலை சொல்லும்போது நீங்கள் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள். அவர் காலையும் மாலையும் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறார். போன கிறிஸ்துமஸுக்குச் சாயம் பூசிய கூரை அதற்குள் கறுத்துவிட்டது. உன் மெழுகுவத்தியால்தான் என்கிறார் அவர். சோயா மெழுகில் கரியே வராது, ஒன்றின் விலை அறுபது வெள்ளிதான் (ரிங்கிட்) என்கிறார் உங்கள் தோழி. ஆக, கரியைத் தடுப்பது எப்படி என்பது பாதிக் கேள்வி. அந்தக் கரி யாருடையது என்பது மீதி. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்று: அந்த அறுபது வெள்ளியை இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள்.

பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில், செம்பனை எண்ணெயிலிருந்து (பாமாயில்) ஸ்டியரிக் அமிலம் என்ற கெட்டியான கொழுப்பமிலமும் மெழுகுவத்தியும் செய்யும் ஓர் ஆலையின் தரச்சோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றிவைத்துச் சுடரின் உயரத்தை அளப்பதும், எது புகைகிறது, எது வழிகிறது, எது பாதியில் அணைகிறது என்று எழுதி வைப்பதும்தான் பிழைப்பு. சுடரைப் பற்றித் துணிந்து பேசுவேன். நுரையீரலைப் பற்றிப் பேச எனக்குப் படிப்பு இல்லை. அந்தப் பக்கம் வரும்போது சுருக்கமாக நிறுத்திக்கொள்வேன்.

மெழுகுவத்தியில் உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. உருகிய மெழுகு திரியின் இழைகள் வழியே ஏறி, சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து எரிகிறது. சுடரின் நடுவில் காற்று போதாது. அங்கே அந்த ஆவி வெப்பத்தில் சிதைந்து மிக நுண்ணிய கரித்துகள்களாகிறது. அத்துகள்கள் காய்ந்து ஒளிர்வதைத்தான் மஞ்சள் வெளிச்சமாகப் பார்க்கிறோம். அவை சுடரின் நுனியை அடைந்ததும் அங்கே தாராளமாகக் கிடைக்கும் காற்றில் எரிந்து தீர்ந்துவிட வேண்டும். எனவே மஞ்சளாக எரியும் எல்லாச் சுடருக்குள்ளும் கரி உண்டு. நல்ல சுடர் தான் உண்டாக்கியதைத் தானே தின்று முடித்துவிடும். கெட்ட சுடர் மிச்சத்தை வெளியே விடும். கரியே உண்டாகாத மெழுகுவத்தி ஒன்று இருந்தால் அது மங்கிய நீலத்தில் எரியும். அதன் வெளிச்சத்தில் செபப் புத்தகம் படிக்க முடியாது.

பாட்டிமார் கண்மை கூட்டியதைப் பார்த்திருப்பீர்கள், அல்லது கேட்டிருப்பீர்கள். விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் கனத்த துணித்திரி போட்டு ஏற்றி, இருபுறமும் செங்கல் வைத்து, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். விடிந்ததும் தட்டின் அடியில் மை படிந்திருக்கும். கரியை நிறையப் பெறுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. திரி கனம், அதனால் சுடர் பெரிது. செங்கலும் தட்டும் சேர்ந்து காற்றைக் குறைக்கின்றன. தட்டின் குளிர்ச்சி சுடரின் நுனியைத் தணித்து, எரிய வேண்டிய கரியை எரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: சிறிய சுடர், தாராளமான ஆனால் அசையாத காற்று, சுடருக்கு மேலே நிறைய வெற்றிடம்.

சுடரின் அளவிலிருந்து தொடங்குகிறேன். மண்ணெண்ணெய் வகை எரிபொருள்களுக்குப் புகைநிலை என்று ஒரு சோதனை உண்டு. எரிபொருளை ஒரு திரிவிளக்கில் ஊற்றி ஏற்றி, சுடரை மெல்ல மெல்ல உயர்த்துவார்கள். புகை விடாமல் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை எரிகிறதோ அதுவே அதன் புகைநிலை. விமானங்களுக்கான ஜெட் ஏ-1 எரிபொருளுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது குறைந்தது 25 மில்லிமீட்டர். மெழுகுக்கும் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் இதே கணக்குதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உயரம் உண்டு. அதைத் தாண்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் புகையும். சுடர் எவ்வளவு உயரம் எழும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் திரி. திரி நீளமாக இருந்தால் அதிக மெழுகு ஆவியாகும், சுடர் உயரும், நுனி கிழிந்து கறுப்பு இழை மேலே போகும். ஆகவே ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியைச் சுமார் 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம், விட்டு நறுக்குங்கள். மெழுகு ஆறி இறுகிய பிறகு நகவெட்டியால் நறுக்கினால் சுத்தமாக வரும். நுனியில் காளான்போலத் திரண்டிருக்கும் கரியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நறுக்கிய துண்டு மெழுகில் விழுந்து கிடந்தால் அதுவே இரண்டாவது திரியாகிவிடும், எடுத்துப் போடுங்கள்.

இந்த நறுக்கும் வேலையைக் குறைக்கத்தான் பின்னிய திரி வந்தது. அதற்கு முன் மெழுகுவத்தி எரியும்போதே அடிக்கடி கத்தரியால் திரியை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1825இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் கொண்டுவந்த பின்னல் திரி, எரிய எரிய ஒரு பக்கமாக வளைந்து நுனியைச் சுடரின் ஓரத்துக்கு நீட்டிவிடுகிறது. அங்கே காற்று அதிகம் என்பதால் நுனி தானாகச் சாம்பலாகிவிடுகிறது. உங்கள் மெழுகுவத்தி எரியும்போது கவனியுங்கள். திரி வளைந்து அதன் நுனி சிவப்பாகக் கனன்றால் நல்ல திரி. நட்டுக்குத்தாக நின்று தலையில் கரிக்குமிழ் கட்டினால், ஏற்றும்போதெல்லாம் நகவெட்டியைத் தேட வேண்டியதுதான். கண்ணாடிக் குவளையில் வரும் வாசனை மெழுகுகளில் திரி சாயாமல் நிற்பதற்காக நடுவில் காகிதமோ துத்தநாகக் கம்பியோ வைப்பதுண்டு; அவை இந்த இரண்டாம் வகை. முன்பு ஈயக்கம்பியும் வைத்தார்கள். அமெரிக்கா 2003இல் அதைத் தடை செய்தது.

திரியைச் சரிசெய்தும் கரி வருகிறது என்றால் நிமிர்ந்து மேலே பாருங்கள். நம் ஊரில் முதல் குற்றவாளி காற்றாடி, அதாவது மின்விசிறி. குளிர்நாட்டில் கூடத்தின் நடுவில் காற்றாடி சுற்றுவதில்லை. அங்கே எழுதப்படும் மெழுகுவத்திக் குறிப்புகள் சன்னல் காற்றைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நமக்கோ காற்றாடி நின்றால் செபமாலையின் இரண்டாம் காரணிக்கம் வருவதற்குள் வியர்த்துவிடுகிறது. சுடர் ஆடும்போது என்ன நடக்கிறது என்றால், நுனியை அடைந்து எரிய வேண்டிய கரித்துகள்கள் பாதி வழியிலேயே குளிர்ந்த காற்றில் தூக்கி எறியப்படுகின்றன. குளிர்ந்த கரி பிறகு எரியாது. ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கரி. சோதனைக் கூடத்தில் அசையாத காற்றில் பளிச்சென்று எரிந்த அதே மெழுகுவத்தியைக் காற்றாடிக்குக் கீழே வைத்தால் சில நிமிடங்களில் மெல்லிய கறுப்புப் புகை விடுவதை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். மெழுகு மாறவில்லை, திரி மாறவில்லை, காற்றுதான் மாறியது. பதினொன்றாம் மாடி, கடல் பக்கச் சன்னல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் காற்றாடியோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

சுடர் எரியும் நேரம் காற்றாடியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து, அதன் காற்று நேராக விழாத மூலைக்குப் பலகையை மாற்றுங்கள். குளிரூட்டியின் காற்று வாய்க்கு எதிரில் வைக்கவே கூடாது. கண்ணாடிக் கூண்டு போடலாம், ஆனால் எப்படிப்பட்டது என்பது முக்கியம். அடியில் காற்று நுழைய இடைவெளியும் மேலே அகலமான திறப்பும் உள்ள கண்ணாடி, சுடரை அசையாமல் காத்து, கீழிருந்து புதுக்காற்றை இழுத்துத் தரும். பழைய அரிக்கன் விளக்கின் கண்ணாடி அந்த வேலையைத்தான் செய்தது. அடி மூடிய உயரக் குவளைக்குள் மெழுகுவத்தியை இறக்கினால், மேலே போகும் சூடான காற்றும் உள்ளே வர முயலும் புதுக்காற்றும் ஒரே வாயில் மோதி, சுடர் இன்னும் மோசமாகத் துடிக்கும். குவளையின் விளிம்பில் கறுப்பு வளையம் விழுவது இதனால்தான்.

இரண்டு மெழுகுவத்திகளை ஒட்டி வைக்காதீர்கள். நாலு விரற்கடை இடைவெளியாவது வேண்டும். ஒன்றின் சூடு மற்றதை உருக்கும், ஒன்றின் காற்றோட்டம் மற்றதை ஆட்டும். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் நேர்ச்சை மெழுகுவத்திகளை நெருக்கி நட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்; தனித்தனியே எரியும்போது சாதுவாக இருப்பவை, கூட்டமாகச் சேர்ந்ததும் முழ உயரத்துக்கு எழுந்து கரும்புகை கக்கும். அங்கே திறந்த வானம், யாரும் கவனிப்பதில்லை.

இப்போது மெழுகின் வகைக்கு வருகிறேன். சோயா மெழுகில் கரியே வராது என்பது விற்பவர் வாக்கு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மெழுகுவத்தி பெரும்பாலும் பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. செம்பனை, சோயா போன்ற தாவரக் கொழுப்புகளிலிருந்து வரும் மெழுகில் எடையில் சுமார் 11 விழுக்காடு ஆக்சிஜன் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதனால் ஒரே திரி, ஒரே சுடர் உயரம் என்றால் தாவர மெழுகு கொஞ்சம் குறைவாகவே புகையும். இது உறுதி. ஆனால் அந்த வேறுபாடு, நீண்ட திரிக்கும் நறுக்கிய திரிக்கும் உள்ள வேறுபாட்டின் முன் சிறியது. காற்றாடியின் கீழ் எரியும் சோயா மெழுகைவிட, அசையாத காற்றில் திரி நறுக்கி எரியும் சாதாரண வெள்ளை மெழுகுவத்தி சுத்தமாக எரியும். இதையும் தயங்காமல் சொல்வேன். மேலும் சோயா மெழுகு 50 டிகிரி வாக்கில் உருகிவிடும் மென்மையான பொருள். நம் மதிய வெப்பத்தில் சன்னலோரம் வைத்தால் அதிலிருக்கும் வாசனை எண்ணெய் வியர்வைபோல மேலே கசிந்து நிற்கும். அதை ஏற்றினால் முதல் சில நிமிடம் சுடர் கொழுந்துவிட்டு எரியும்.

தாவர மெழுகுதான் வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே செம்பனை ஸ்டியரின் கலந்த கெட்டியான மெழுகுவத்திகள் கிடைக்கின்றன. நான் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் இந்தப் பரிந்துரையைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக் காணொளிகளில் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். பாரஃபின் சுடருக்குள் கரண்டியை நுழைப்பார்கள், கறுக்கும். பாருங்கள் எவ்வளவு விஷம் என்பார்கள். சுடரின் மஞ்சள் பகுதிக்குள் குளிர்ந்த கரண்டியை நீட்டினால் எந்த மெழுகும் கறுக்கும், தேன்மெழுகும்கூட. அது பாட்டியின் மைத்தட்டு, அவ்வளவுதான். சுடரிலிருந்து தப்பி மேலே போகும் கரியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் மெழுகுவத்திக் கரிக்கென்றே இஎன் 15426 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் சுடரைத் தொடாமல் மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, படிந்த கரி அதன் வழியே செல்லும் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பார்கள். இதே முறையை நீங்கள் வீட்டில் செய்யலாம், கீழே சொல்கிறேன்.

வாசனை மெழுகுகள் பொதுவாக அதிகம் புகைகின்றன. வாசனைச் சேர்மங்கள் பலவற்றில் வளைய அமைப்புள்ள மூலக்கூறுகள் உண்டு. அவை எளிதில் கரியாகும். அடர்த்தியான வண்ணத்துக்காகச் சேர்க்கும் நிறமிகள் திரியின் இழைகளை அடைக்கவும் கூடும். கூடத்தில் அப்படி ஒன்று எரிகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாமியாரின் பக்கம். காமாட்சி விளக்கும் மெழுகுவத்தியும் வேதியியலில் உடன்பிறப்புகள், எரிபொருள் திரவமாக இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இங்கும் திரிதான் முதலில். இரண்டு மூன்று பஞ்சுத்திரிகளை ஒன்றாக முறுக்கித் தூண்டிவிட்டால் சுடர் ஓரங்குலம் தாண்டி எழுந்து நுனியில் புகை நெளியும். ஒற்றைத் திரி, விளிம்புக்கு வெளியே நெல்லளவு நீட்டியிருந்தால் போதும். சுடர் மொட்டுபோல நிற்கும். எண்ணெயில் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டையும் ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் குறைவாகப் புகையும். அதன் கொழுப்பில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்றது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதது, அந்த வகை சீக்கிரம் கரியாகும். குளிரூட்டி போட்ட அறையில் தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நல்லெண்ணெய்தான் ஏற்ற வேண்டும் என்பது அவர் நம்பிக்கையானால் அதில் நான் தலையிடவில்லை, திரியைக் குறைத்தாலே பெரும்பாதி தீரும். நாள்கணக்கில் விளக்கில் நின்று பிசுக்கேறிய எண்ணெய் திரியை அடைக்கும், நுனியில் கரி கட்டும். மிச்சத்தைத் துடைத்தெடுத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய திரி படபடக்கும். மூடிய டப்பாவில் வையுங்கள். எண்ணெயில் கல்லுப்பு போட்டால் புகை வராது என்று சொல்வார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அடியில்தான் கிடக்கும். சுடருக்கு அதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை.

கற்பூரம் வேறு சாதி. அதற்குத் திரியே கிடையாது, அதனால் கட்டுப்பாடும் கிடையாது. கட்டி முழுவதும் ஒரே நேரத்தில் ஆவியாகிறது, சுற்றியுள்ள காற்று ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது, சுடர் நீண்டு கறுப்பு நூலாக மேலே போகிறது. மேலே ஆக்சிஜன் கலந்த எரிபொருள் குறைவாகப் புகையும் என்று சொன்னேன். கற்பூரத்திலும் ஏறக்குறைய பத்தரை விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. ஆனாலும் அது புகைகிறது. மூலக்கூறின் வளைய அமைப்பும் ஆவியாகும் வேகமும் சேர்ந்து அந்த ஆக்சிஜனின் பயனை அழித்துவிடுகின்றன. கண்மைக்கும் எழுது மைக்கும் கற்பூரக் கரியைப் பிடித்துவைக்கும் வழக்கம் பழையது. கரி நிறையக் கிடைக்கும் என்பதற்காகத்தான். ஆகவே ஒரு வீட்டில் திரி நறுக்கிய மெழுகுவத்தியும், அடக்கமாக எரியும் எண்ணெய் விளக்கும், தினம் இருமுறை கற்பூரமும் இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது கற்பூரத்தை. அது ஒரு நிமிடம்தானே எரிகிறது என்று தோன்றும். கரியைப் பொறுத்தவரை அந்த ஒரு நிமிடம், அரை மணி நேரம் அமைதியாக எரியும் மெழுகுவத்தியை விஞ்சிவிட வாய்ப்புண்டு. உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் காற்றாடியையும் திரியையும் நான் பார்க்கவில்லை.

தீர்ப்பைத் தட்டுகள் சொல்லட்டும். வெள்ளைப் பீங்கான் தட்டு அல்லது மிச்சம் கிடக்கும் வெள்ளைத் தரை ஓடு நாலு எடுத்துக்கொள்ளுங்கள். சுடருக்கு ஒன்றரை அடி மேலே ஒன்றைத் தாங்கி நிறுத்த வழிசெய்யுங்கள். கம்பித் தாங்கி போதும், எளிதில் தீப்பிடிப்பது எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஒரு வாரம் மெழுகுவத்தி எரியும் நேரம் மட்டும் முதல் தட்டு, விளக்கு எரியும் நேரம் இரண்டாவது, கற்பூரம் காட்டும் நேரம் மூன்றாவது, வாசனை மெழுகுக்கு நாலாவது. பின்பக்கம் பெயர் எழுதி வையுங்கள். வார இறுதியில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெள்ளைத் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். வழக்கமாக எப்படி ஏற்றுகிறீர்களோ அப்படியே, காற்றாடியை நிறுத்தாமல், திரியை நறுக்காமல் முதல் வாரம் செய்யுங்கள். இரண்டாம் வாரம் நான் சொன்ன திருத்தங்களோடு செய்யுங்கள். மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு செய்வது நல்லது. முடிவு யாருக்குச் சாதகமாக வந்தாலும் நீங்கள் தனியே செய்த சோதனை என்றால் அவர் நம்ப மாட்டார், அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

கற்பூரம்தான் என்று தெரிந்தால் அதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வில்லையைக் கால்வாசியாக உடைத்துக் காட்டலாம். சிறிய துண்டு, சிறிய சுடர், கரியும் குறைவு. சன்னலோரமோ வெளித்தாழ்வாரத்திலோ ஏற்றிக்கொண்டு வந்து காட்டலாம். வெள்ளிக்கிழமை மட்டும் கற்பூரம், மற்ற நாளில் நெய்த்திரி ஆரத்தி என்று வைத்துக்கொள்ளும் வீடுகள் கோலாலம்பூரில் பல உண்டு. இவை எதுவும் ஒத்துவராவிட்டால், பலகைக்கு மேலே, சுடருக்கு ஒன்றரை இரண்டு அடி உயரத்தில், ஓர் அகலமான துருப்பிடிக்காத எஃகுத் தட்டைக் கிடையாகத் தொங்கவிடுங்கள். சூடான புகை முதலில் படுவது அதில்தான். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவிவிடலாம். முழுக் கரியையும் அது பிடிக்காது, ஆனால் கூரைக்குப் போவது கணிசமாகக் குறையும். மேற்புறமும் பக்கங்களும் அடைத்த மர மண்டபத்துக்குள் சுடரை வைப்பது மட்டும் வேண்டாம். மை கூட்டுவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை, தீ விபத்துக்கும் அதே.

அணைக்கும்போது எழும் வெள்ளைப் புகையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது கரி அல்ல, ஆவியான மெழுகு குளிர்ந்து சிறு துளிகளாவது. நாற்றம் அதனுடையது. ஊதி அணைப்பதற்குப் பதில் ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி மறுபடி நிமிர்த்திவிட்டால் புகையே எழாது. விளக்கை மலையேற்றும்போது திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுகிறார்களே, அதே செயல்தான்.

கூரையின் கறுப்பு முழுவதும் சுடரால் வந்ததா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலகைக்கு நேர் மேலே வட்டமாகக் கறுத்து வெளியே போகப்போக மங்கினால் அது பூசைப் பலகையின் வேலை. மஞ்சளோ பழுப்போ கலந்து விரலில் பிசுபிசுத்தால் ஊதுவத்தி, சாம்பிராணி, அல்லது அடுப்படி எண்ணெய்ப் புகை. சன்னல் சட்டத்திலும் காற்றாடி இறக்கையின் விளிம்பிலும் அதே அளவு கறுப்பு இருந்தால், கரையோர நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். அதற்கு நீங்களும் மாமியாரும் பொறுப்பல்ல.

உடல்நலம் பற்றி ஒரு கேள்வியை ஓரமாக வைத்திருந்தீர்கள். கரித்துகள் மிக நுண்ணியது, மூச்சோடு ஆழமாகப் போகக்கூடியது, இது உறுதி. அளவோடு ஏற்றும் ஒரு மெழுகுவத்தியால் நலமாக இருப்பவருக்கு என்ன தீங்கு என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, நான் அதில் வாய் வைக்கப் போவதில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். சுமத்ரா காட்டுத்தீயால் புகைமூட்டம் வந்து சன்னல்களை எல்லாம் அடைத்துவிடும் நாள்களில் மட்டும், அடைத்த வீட்டுக்குள் எதையும் எரிக்காமல் மின்விளக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

கடைசியாகக் கூரை. ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், கரி சாயத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிச் சாம்பல் நிறத் திட்டாகிவிடும். முதலில் மென்மையான தூரிகை முனை போட்ட தூசி உறிஞ்சியால் தொடாமல் தொட்டதுபோல உறிஞ்சி எடுங்கள். பிறகு உலர்ந்த பஞ்சுக் கட்டியால், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, பிழிந்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். மறுபடி சாயம் பூசுவதானால், கறை எழாமல் தடுக்கும் அடிப்பூச்சு ஒன்றைக் கேட்டு வாங்கி முதலில் பூசச் சொல்லுங்கள். அது இல்லாமல் சாதாரண வெள்ளைச் சாயத்தை நேராக அடித்தால் கறுப்பு சில வாரங்களில் மேலே எழுந்து வரும். போன கிறிஸ்துமஸ் சாயம் இவ்வளவு சீக்கிரம் கறுத்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், பூசியவரிடம் அடிப்பூச்சு போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் வாரத் தட்டுகளைப் பார்க்கும் வரை சாயக்கடைக்குப் போக வேண்டாம்.